மௌனப்படங்களை மதுரையில் காட்டும் முறை குறித்து

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ஐரோப்பிய மௌனப்பட இயக்கங்களைப் பற்றி அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்துடன் படித்தேன். மன உணர்வுகளைக் கோணலான காட்சி வடிவங்களில் காட்டிய ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிசம், லென்ஸாலும் தாளத்தாலும் அக உணர்வைத் தேடிய பிரெஞ்சு இம்ப்ரஷனிசம், துண்டுக் காட்சிகளை ஒட்டிப் பொருள் உண்டாக்கிய சோவியத் மொன்டாஜ் ஆகிய மூன்றையும் ஒரு தமிழ் நாளிதழ் முழுப் பக்க அளவில் எடுத்துப் பேசியது மகிழ்ச்சிக்குரியது. பெயர்களும் ஆண்டுகளும் பெரும்பாலும் சரியாகவே இருந்தன. ஆனால் கட்டுரையின் முடிவில், இப்படங்களில் மனிதர்கள் சாவி கொடுத்த பொம்மைகளைப் போல விறுவிறுவென்று நடப்பதால் இன்றைய பார்வையாளர்களுக்குச் சிரிப்பே மிஞ்சுகிறது என்றும், ஆகவே அவற்றுக்கு இனி வரலாற்று மதிப்பு மட்டுமே உண்டு என்றும் எழுதப்பட்டிருந்தது. அந்த ஒரு கருத்தை மறுப்பதற்காகவே இக்கடிதம். அந்த விறுவிறுப்பு படமெடுத்தவர்கள் வைத்ததன்று, நம் காலத்தில் காட்டுகிறவர்கள் சேர்த்தது. இன்னும் சொல்லப்போனால், ஒவ்வோர் இயக்கமும் தன் கலையை எந்த இடத்தில் வைத்திருந்ததோ, பெரும்பாலும் அதே இடத்தைத்தான் நாம் திரையிடும்போது வெட்டி எறிகிறோம். பிறகு அங்கே கலையைக் காணோம் என்கிறோம்.

சில மாதங்களுக்கு முன் மதுரையில் நடந்த ஒரு திரையிடலுக்குப் போயிருந்தேன். நடத்தியவர்கள் யார் என்பது இங்கே தேவையில்லை. நல்லெண்ணத்தோடு, கட்டணம் வாங்காமல் நடத்தினார்கள். காட்டப்பட்ட படம் ஜெர்மானிய இயக்குநர் முர்னாவ் இயக்கி 1922இல் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு'. இணையத்தில் எளிதாகக் கிடைக்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் பிரதியைப் பதிவிறக்கி, அகலத் திரை நிறையும்படி இழுத்துப் பெரிதாக்கி ஓட்டினார்கள். இரத்தம் குடிக்கும் பிரபு தன் சவப்பெட்டியைத் தானே சுமந்துகொண்டு ஊருக்குள் நடந்து வரும் காட்சியில் கூடமே சிரித்தது. பட்டப்பகலில், வெயில் சுவரில் பளீரென்று அடிக்க, ஒல்லியான ஒரு மனிதர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? கல்லூரி மாணவர்களைக் குறை சொல்ல நான் விரும்பவில்லை. அவர்கள் கண்ணெதிரே இருந்ததைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அக்காட்சி இரவில் நடப்பது. அந்நாளின் பிலிமுக்கு ஒளியை ஏற்கும் திறன் மிகக் குறைவு. ஸ்டூடியோவுக்கு வெளியே, விஸ்மார், லூபெக் போன்ற உண்மையான துறைமுக ஊர்களின் தெருக்களில் இரவைப் படமாக்குவது ஏறக்குறைய இயலாத காரியம். எனவே பகலில் எடுத்துவிட்டு, பிரிண்ட் போட்ட பின் அந்தப் பகுதிகளை மட்டும் நீலச் சாயத்தில் தோய்த்தார்கள். விளக்கெரியும் அறைக்கு மஞ்சள் கலந்த பழுப்பு, விடியலுக்கு இளஞ்சிவப்பு என்று நிறங்கள் மாறும். அக்காலப் பார்வையாளர் நீலத்தைக் கண்டதும் இரவு என்று கொண்டார். நீலத்தை நீக்கிவிட்டால் இரவும் போய்விடுகிறது. இப்படத்தின் கதை முழுவதும் இரவுக்கும் விடியலுக்கும் இடையே நடக்கும் போராட்டம். சேவல் கூவி, சூரிய ஒளி பட்டதும் பிரபு புகையாய் மறைவதுதான் முடிவு. நாங்கள் பார்த்த பிரதியில் அவர் படம் நெடுகிலும் வெயிலில் நடமாடிவிட்டு, கடைசியில் மட்டும் வெயில் பட்டு இறந்தார். பக்கத்தில் அமர்ந்திருந்த இளைஞர் ஒருவர் இதைச் சரியாகவே கேட்டார். அவருக்குப் பதில் சொல்ல அங்கே ஏற்பாடு எதுவும் இல்லை.

இத்தனைக்கும் இந்தப் படம் இன்று இருப்பதே ஓர் அதிர்ஷ்டம். 'டிராகுலா' நாவலை எழுதிய பிராம் ஸ்டோக்கரின் மனைவி உரிமை கோரித் தொடுத்த வழக்கில், பிரதிகளை எல்லாம் அழித்துவிடும்படி 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் உத்தரவிட்டது. அயல்நாடுகளுக்கு முன்பே போய்விட்ட பிரிண்டுகள் தப்பின. அவற்றுள் பிரான்சில் கிடைத்த, சாயம் ஏற்றிய பழைய பிரிண்ட் ஒன்றின் துணையோடுதான் பின்னாளில் நிறங்கள் மீட்டெடுக்கப்பட்டன. அந்த மீட்பு வடிவம் உலகெங்கும் கிடைக்கிறது. மதுரையில் மட்டும் ஏன் வெயிலில் காய வேண்டும்?

வேகத்தைப் பற்றியும் சற்று விளக்க வேண்டும், ஏனெனில் கட்டுரையாளரின் குற்றச்சாட்டே அதன்மேல்தான் நிற்கிறது. பேசும் படம் வந்தபோது ஒலி சீராக இருக்க வேண்டும் என்பதற்காக நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனிப்படங்கள், என்று நிலைப்படுத்தினார்கள். அதற்கு முன் கேமராவைக் கையால் சுற்றினார்கள். நொடிக்கு 16 முதல் 24 வரை படத்துக்குப் படம், சில வேளைகளில் காட்சிக்குக் காட்சியே மாறும். 18 ஃபிரேமில் எடுத்த படத்தை 24இல் ஓட்டினால் ஒரு மணி நேரப் படம் 45 நிமிடத்தில் முடிந்துவிடும். நடிகர் நிதானமாகத் திரும்பிப் பார்த்தது வெடுக்கென்று திரும்பியதாகும்; தயங்கியது துள்ளியதாகும். ஒரு தில்லானாவை முக்கால் நேரத்தில் ஓட்டிவிட்டு, ஆடியவருக்கு நிதானம் போதாது என்று விமர்சனம் எழுதுவதற்கு இது ஒப்பாகும்.

கட்டுரையில் 'டாக்டர் காலிகரியின் கூடம்' என்னும் ஜெர்மானிய எக்ஸ்பிரஷனிசப் படத்தைப் பற்றிச் சொல்லப்பட்டதில்தான் எனக்கு மிகுந்த மனத்தாங்கல். பள்ளியில் ஓவியம் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். போருக்குப் பிந்தைய வறுமையில் செட் போடப் பணமில்லாமல் திரைச்சீலையில் வரைந்து சமாளித்தார்கள் என்பது கட்டுரையாளரின் கூற்று. வறுமை இருந்தது உண்மை. ஸ்டூடியோவுக்கு ஒதுக்கப்பட்ட மின்சாரம் தீர்ந்துபோகும் நிலையில் இருந்ததைத் தயாரிப்பாளர் எரிக் பொம்மரே பின்னாளில் ஒரு காரணமாகக் கூறியிருக்கிறார். ஆனால் சிக்கனத்துக்காக வரைந்தவர் நேரான சுவரைத்தானே வரைந்திருப்பார்? ஹெர்மன் வார்ம், வால்டர் ரைமன், வால்டர் ரோரிக் ஆகிய மூவரும் வரைந்த சுவர்கள் சாய்கின்றன, சன்னல்கள் கத்தி முனைபோல் கூர்ந்திருக்கின்றன, நிழல் விழ வேண்டிய இடத்தில் நிழல் வரையப்பட்டிருக்கிறது. வெளிச்சமே தரையில் வெள்ளைச் சாயத்தால் தீட்டப்பட்டிருக்கிறது. சிறைக்கூடக் காட்சியைச் சற்றுக் கவனித்துப் பார்க்க வேண்டும். உயரத்தில் ஒரு சிறிய சன்னல். அதிலிருந்து கோடுகள் சுவர் வழியாக இறங்கி, தரையில் பரவி, சங்கிலியில் பிணைக்கப்பட்டு உட்கார்ந்திருக்கும் கைதியிடம் வந்து கூடுகின்றன. பார்ப்பவர் கண் எந்த வழியாகச் சென்றாலும் அந்த மனிதன்மேல்தான் போய் முடியும். மாணவனுக்குத் தூரக்காட்சி வரைவதில் பாடம் எடுக்க இதைவிட நல்ல படம் எனக்குக் கிடைத்ததில்லை, அதன் விதிகளை அப்படம் வேண்டுமென்றே மீறியிருக்கிறது என்ற போதிலும்.

நம் நாட்டிலும் அதே ஆண்டுகளில் வரைந்த திரைகள் முன்னால்தான் கலை நடந்துகொண்டிருந்தது என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். சங்கரதாஸ் சுவாமிகள் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்னும் நாடகக் குழுவைத் தொடங்கியது 1918இல். 'காலிகரி' பெர்லினில் முதன்முதலாகத் திரையிடப்பட்டது 1920 பிப்ரவரியில். நம் நாடகக் கம்பெனிகளின் சீன் திரைகளில் அரண்மனையும் காடும் கண்ணுக்கு உண்மைபோல் தோன்ற வேண்டும் என்பதே ஓவியரின் நோக்கம். நடிகர் அதற்கு முன்னால் நின்று பாடுவார். பெர்லினில் அந்தத் திரை நடிகரின் உடம்புக்குள்ளேயே புகுந்துவிட்டது. தூக்கத்தில் நடப்பவனாக வரும் கான்ராட் வைட் சுவரை ஒட்டி, சுவரின் ஒரு பகுதியே பெயர்ந்து நகர்வதுபோல, மெல்ல ஊர்ந்து செல்கிறார். காலிகரியாக வரும் வெர்னர் கிரவுஸின் கையுறையில் வரைந்திருக்கும் கறுப்புக் கோடுகள்கூடச் செட்டில் உள்ள கோடுகளோடு சேர்ந்துகொள்கின்றன. அப்படிப்பட்ட ஊர்தலை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டினால் என்ன மிஞ்சும்? ஓர் ஆள் சுவரைத் தடவிக்கொண்டு ஓடுகிறார், அவ்வளவுதான்.

அகலத்திரையால் வரும் கேடு இதைவிடப் பெரிது. மௌனப்படத்தின் கட்டம் அகலம் நான்கு பங்கு, உயரம் மூன்று பங்கு. இன்றைய தொலைக்காட்சியும் புரொஜெக்டரும் அகலம் பதினாறு, உயரம் ஒன்பது. பழைய கட்டத்தைப் புதிய திரை முழுவதும் நிரப்ப இரண்டே வழிதான்: உயரத்தில் கால் பாகத்தை வெட்டுவது, அல்லது அகலவாக்கில் இழுத்து ஒவ்வொரு முகத்தையும் மூன்றில் ஒரு பங்கு பருக்க வைப்பது. முதல் வழியில் 'காலிகரி'யின் சிறைச் சன்னல் மேலே காணாமல் போகும், தரையில் வந்து கூடும் கோடுகள் கீழே காணாமல் போகும். நடுவில் ஒரு கைதி மட்டும் காரணமின்றி உட்கார்ந்திருப்பார். இரு பக்கமும் கறுப்புப் பட்டை விட்டுக் காட்டுவதில் யாருக்கும் எந்த நட்டமும் இல்லை. கட்டணம் கொடுத்தவர்களுக்குத் திரை முழுவதும் நிறைய வேண்டும் என்ற எண்ணம் நம் திரையரங்குகளில் வேரூன்றியிருப்பதை அறிவேன். அந்த எண்ணத்தை இலவசத் திரையிடலிலாவது விட்டுவிடலாம்.

கதையையும் பேச்சையும் எழுத்தில் காட்டும் டைட்டில் கார்டுகளும் 'காலிகரி'யில் ஓவியமே. கூர்முனையும் கோணலுமான எழுத்துகளால் அவை எழுதப்பட்டன. ஓரிடத்தில் 'நீ காலிகரியாக வேண்டும்' என்னும் சொற்கள் மருத்துவரைச் சுற்றி மரக்கிளையிலும் வானத்திலும் எழுந்து அவரைத் துரத்துகின்றன. பல மலிவுப் பிரதிகளில் அந்தக் கார்டுகளை எடுத்துவிட்டு, கணினியில் அடித்த சாதாரண ஆங்கில எழுத்தைச் செருகியிருக்கிறார்கள். மூல நெகட்டிவிலிருந்தே மீட்டெடுத்து, சாயமும் எழுத்தும் பழையபடி சேர்த்த வடிவம் 2014இல் வெளிவந்தது. வேறுபாட்டைக் காண விரும்புவோர் இரண்டையும் பத்து நிமிடம் அடுத்தடுத்துப் பார்த்தாலே போதும்.

முர்னாவின் 'கடைசி மனிதன்' (1924) கட்டுரையில் ஒரு வரியில் வந்து போயிற்று. நானும் சுருக்கமாகவே சொல்கிறேன். ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் கேமராவைச் சைக்கிளில் ஏற்றி, ஹோட்டல் லிஃப்டில் இறங்கி, அப்படியே கூடத்தைக் கடந்து வாசலுக்குச் சென்றார். கதையை விளக்கும் கார்டு கிட்டத்தட்ட ஒன்றே ஒன்றுதான். வாயிற்காவலராக வரும் எமில் யானிங்ஸின், சீருடையோடு நிமிர்ந்திருந்த முதுகு, சீருடை பறிக்கப்பட்ட பின் எப்படிக் கூனிப் போகிறது என்பதிலேயே படம் நிற்கிறது. வேகம் தவறினால் அந்தக் கூனலும் போயிற்று.

பிரெஞ்சுக்காரர்களின் நிலை இன்னும் பரிதாபம். லூயி டெல்லூக், ஜெர்மேன் டியூலாக், ழான் எப்ஸ்டைன் முதலானோர் கலையைச் செட்டில் தேடவில்லை. லென்ஸிலும் தாளத்திலும் தேடினார்கள். ஏபெல் கான்ஸின் 'சக்கரம்' (1923) படத்தில் மலைப்பாறையில் தொங்கும் ஒருவன் விழப்போகும் கணத்தில் அவன் நினைவுகள் துண்டு துண்டாகப் பாய்ந்து, கடைசியில் ஒரு துண்டுக்கு ஒரே ஒரு ஃபிரேம் என்ற அளவுக்குச் சுருங்குகின்றன. மோசமான டிஜிட்டல் பிரதியில் இரண்டு ஃபிரேம் ஒன்றாகக் கலங்கி, அவ்விடம் சாம்பல் நிற நடுக்கமாகத்தான் தெரியும். அதே கான்ஸ் 1927 ஏப்ரலில் பாரிஸ் ஓபரா மாளிகையில் காட்டிய 'நெப்போலியன்' படத்தின் இறுதியில் திரை திடீரென்று மூன்றாக விரிகிறது. மூன்று கேமராக்களில் எடுத்து மூன்று புரொஜெக்டர்களில் ஓட்டிய அப்பகுதியின் முடிவில், இடப்பக்கத் திரை நீலமாகவும் நடுத்திரை வெள்ளையாகவும் வலப்பக்கத் திரை சிவப்பாகவும் மாறி, படமே பிரான்சின் கொடியாகிவிடும். தொலைக்காட்சியில் இதைப் போட்டால் திரையின் பாதி உயரம்கூட இல்லாத ஒரு நாடாவாகச் சுருங்கிவிடுகிறது. கறுப்பு வெள்ளைப் பிரதியில் கொடியும் இல்லை. 'வெற்று ஆடம்பரம்' என்று கட்டுரையாளர் இப்படத்தை ஒதுக்கியிருந்தார். எந்த வடிவத்தில் பார்த்தார் என்பதை அவர் குறிப்பிட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

சோவியத் படங்களைப் பற்றிக் கட்டுரை விரிவாகவே பேசியது. புரட்சிக்குப் பின் பிலிம் தட்டுப்பாட்டால் மாஸ்கோவில் வெளிநாட்டுப் படங்களைப் பிரித்து மீண்டும் ஒட்டிப் பழகியே பலர் எடிட்டிங் கற்றார்கள் என்பதையும், ஒரே முகத்தை வெவ்வேறு காட்சிகளோடு ஒட்டிப் பார்த்த இயக்குநர் குலெஷோவின் சோதனைகளையும் நன்றாக விளக்கியிருந்தார். இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். ஐசன்ஸ்டைனின் 'போர்க்கப்பல் பொட்டெம்கின்' (1925) முழுவதும் கறுப்பு வெள்ளை. மாலுமிகளின் கலகம் வென்றதும் கப்பலில் ஏறும் கொடி மட்டும் சிவப்பு. அக்காலப் பிலிமில் சிவப்பு கறுப்பாகத்தான் பதியும் என்பதால், படப்பிடிப்பில் வெள்ளைக் கொடியை ஏற்றிவிட்டு, பின்னர் பிரிண்டில் ஒவ்வொரு ஃபிரேமாகக் கையால் சிவப்புத் தீட்டினார்கள். பெரும்பாலான இலவசப் பிரதிகளில் அது வெள்ளைக் கொடியாகவே பறக்கிறது. போரில் வெள்ளைக் கொடி எதைக் குறிக்கும் என்பதை எண்ணிப் பார்த்தால், படத்தின் பொருளே தலைகீழாகிவிடுவது விளங்கும். இன்னொன்று இசை. 1926இல் இப்படம் பெர்லினில் காட்டப்பட்டபோது எட்முண்ட் மைசல் இதற்கென்றே இசை எழுதினார். கப்பலின் இயந்திரங்கள் இயங்கும் இறுதிப் பகுதியில் பண்ணைவிடத் தாளமே முன்னிற்க வேண்டும் என்பது இயக்குநரின் விருப்பம். நாம் அதன்மேல் ஏதோ ஒரு பியானோ இசைத்தட்டைப் போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

ஜிகா வெர்தோவின் 'திரைப்படக் கேமராவோடு ஒரு மனிதன்' (1929) இந்த விவாதத்துக்கு நேராகவே பதில் சொல்லும் படம். அது தொடங்குவதே ஒரு திரையரங்கில். மடக்கு நாற்காலிகள் தாமாகவே விரிகின்றன. மக்கள் உள்ளே வருகிறார்கள். ஆபரேட்டர் ரீலை மாட்டுகிறார். வாத்தியக்காரர்கள் வில்லையும் குழலையும் எடுத்து வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருக்கிறார்கள். ஆர்க் விளக்கின் கார்பன் துண்டுகள் நெருங்கிச் சுடர் பற்றியதும் இசையும் படமும் ஒன்றாகப் புறப்படுகின்றன. காட்டுபவரும் வாசிப்பவரும் சேர்ந்தால்தான் படம் என்பதை அதை எடுத்தவரே முதல் ஐந்து நிமிடத்தில் காட்டிவிட்டார். நடுவில் பாய்ந்தோடும் குதிரை சட்டென்று நிற்கிறது. பின்னர் அது பிலிம் சுருளில் ஒரு கட்டமாகத் தெரிகிறது. வெர்தோவின் மனைவியும் எடிட்டருமான எலிசவேதா ஸ்விலோவா சுருள்களை அலமாரியில் அடுக்கி, குழந்தைகளின் முகம் கொண்ட ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, வெட்டி ஒட்டியதும் அந்த முகங்கள் அசைந்து சிரிக்கத் தொடங்குகின்றன. எடிட்டிங் என்றால் என்ன என்று வகுப்பில் ஒரு மாதம் சொல்வதை இப்பகுதி ஒரு சில நிமிடத்தில் சொல்லிவிடும். இதை ஒலி இல்லாமல், பாதியில் நிறுத்தி நிறுத்திக் காட்டும் வழக்கம் நம் வகுப்பறைகளில் உண்டு என்று மாணவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

கட்டுரையில் இடம்பெறாமல் போனவர்களையும் ஆசிரியர் அனுமதித்தால் குறிப்பிடுவேன். இந்த மூன்று இயக்கங்களுக்கும் முன்பே சுவீடனில் விக்டர் ஷோஸ்த்ரோம் பனியையும் கடலையும் கதாபாத்திரங்களாக்கியிருந்தார். 1921 புத்தாண்டு நாளில் வெளியான அவருடைய 'பேய் வண்டி'யில், ஒளி ஊடுருவும் ஆவி உருவங்களைப் பதிக்க ஒளிப்பதிவாளர் யூலியஸ் யென்சன் ஒரே பிலிமைத் திரும்பத் திரும்பக் கேமராவில் ஓட்டினார். ஒவ்வொரு முறையும் கைப்பிடியை அதே வேகத்தில் சுற்றினாலொழிய உருவங்கள் பொருந்தா. கையால் சுற்றியவர்களுக்கு வேகத்தின் மேல் கட்டுப்பாடு இல்லை என்று எண்ணுவோர் இதை நினைவில் கொள்ள வேண்டும். டென்மார்க்கின் கார்ல் தியோடர் ட்ரையர் பிரான்சில் எடுத்த 'ஜோன் ஆஃப் ஆர்க்' (1928) எந்த இயக்கத்துக்கும் அடங்காதது. ஆனால் அதன் செட்டை அமைத்தவர்களுள் ஒருவர் 'காலிகரி'யின் அதே ஹெர்மன் வார்ம். பெரும் பொருட்செலவில் கோட்டையையே கட்டினார்கள். ட்ரையரோ அதை ஏறக்குறைய காட்டாமல், மேக்கப் இல்லாத முகங்களை மட்டும் மிக நெருக்கத்தில் காட்டினார். செட் ஓவியர் மனம் நொந்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. அப்படத்தின் நெகட்டிவ் தீக்கிரையாகி, மூல வடிவம் அழிந்தது என்று எண்ணப்பட்ட நிலையில், 1981இல் நார்வேயின் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மனநல மருத்துவமனையில் அதன் பிரிண்ட் ஒன்று கிடைத்தது.

நிழலுருவ அனிமேஷன் படங்கள் எடுத்த ஜெர்மானியக் கலைஞர் லோட்டே ரைனிகரைப் பற்றி மதுரை வட்டாரத்தார் தனியே அறிய வேண்டும். 1923 முதல் 1926 வரை மூன்றாண்டுகள், போட்ஸ்டாமில் ஒரு வங்கியாளர் வீட்டின் கார் கொட்டகை மேல்மாடியில் இருந்தபடி, கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் உருவங்களைக் கத்தரித்து, மூட்டுக்கு மூட்டுக் கம்பியால் இணைத்து, கீழிருந்து விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் கிடத்தி, மேலே பொருத்திய கேமராவால் ஒவ்வொரு ஃபிரேமாக எடுத்து 'இளவரசர் அக்மதின் சாகசங்கள்' என்னும் முழுநீளப் படத்தை முடித்தார். இன்று எஞ்சியுள்ள முழுநீள அனிமேஷன் படங்களில் மிகப் பழையது இதுவே. தோற்பாவைக் கூத்துக்காரர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதன் தொழில்நுட்பம் உடனே பிடிபடும். நம் பாவை சாயம் ஏற்றிய தோல், ஒளி ஊடுருவும். ரைனிகரின் உருவம் கருநிழல், நிறம் பின்னணியிலும் சாயத்திலும் வரும். அப்படத்தின் சாயம் ஏற்றிய பிரிண்ட் லண்டன் ஆவணக் காப்பகத்தில் கிடைத்துத்தான் நிறங்கள் மீண்டன. தோற்பாவைக் கலைஞர் ஒருவரை அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்து இப்படத்தைக் காட்டி, பின்னர் அவரைப் பேசச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

இனி, என்ன செய்யலாம் என்பது. மதுரைக்கு இவ்வகையில் பழைய உறவு உண்டு. மேல வெளி வீதியில் விக்டோரியா எட்வர்ட் மன்றத்தில் இயங்கிய ரீகல் திரையரங்கு, ஒரே கட்டிடத்தில் நூலகமும் படமும் என்ற நிலையில், தலைமுறை தலைமுறையாக ஆங்கிலப் படங்களை இந்நகருக்கு அறிமுகம் செய்தது. நூலகமும் படமும் ஒரு கூரையின் கீழ் இருப்பது நமக்குப் புதிதன்று. நத்தம் சாலையில் 2023இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் மாதம் ஒரு மாலை இதற்கென ஒதுக்கினால், கல்லூரிகளில் காட்சித் தொடர்பியல் படிக்கும் மாணவர்கள் மட்டுமின்றி, ஓவியம் பயில்வோரும் நாடகக்காரர்களும் வருவார்கள்.

இசைக்கு நாம் எங்கும் போக வேண்டியதில்லை. மௌனப்படக் காலத்தில் நம் டூரிங் கொட்டகைகளில் திரையருகே நின்று கதை சொல்லும் ஆளும், ஆர்மோனியமும் தாள வாத்தியமும் இருந்த செய்தி பலருக்கும் தெரிந்ததே. இன்றும் பங்குனி, சித்திரை மாதங்களில் நம் சுற்றுவட்டாரக் கிராமங்களில் விடிய விடிய நடக்கும் ஸ்பெஷல் நாடகத்தில் ஆல்ரவுண்டு வாசிப்பவரைக் கவனித்திருப்பீர்கள். ஒத்திகையே இல்லாமல், முன்பின் சேர்ந்து நடித்திராத நடிகர்களின் ஒவ்வோர் அடிக்கும், ஒவ்வொரு விழுதலுக்கும், பபூனின் ஒவ்வொரு கோமாளித்தனத்துக்கும் கண்ணால் பார்த்த கணத்தில் ஒலி சேர்ப்பவர் அவர். மௌனப்படத்துக்கு வாசிப்பவருக்கு வேண்டிய திறமை துல்லியமாக இதுதான். ஓர் ஆர்மோனியக் கலைஞரையும் மிருதங்கக்காரரையும் ஆல்ரவுண்டு வாசிப்பவரையும் அழைத்து, படத்தை இரண்டு மூன்று முறை முன்னதாகப் போட்டுக் காட்டி, உரிய சன்மானமும் கொடுத்தால், 'பேய் வண்டி'க்கோ 'பொட்டெம்கினு'க்கோ எந்த ஐரோப்பிய நகரிலும் கேட்டிராத இசை மதுரையில் பிறக்கும். மைசல் எழுதிய இசைதான் வேண்டும் என்போர் அதை மறுநாள் கேட்கலாம்.

உரிமைத் தொல்லை இருக்குமே என்ற தயக்கம் சிலருக்கு எழலாம். இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, அது வெளியான ஆண்டையடுத்து 60 ஆண்டுகள் வரை. 1920களின் படங்கள் அந்த எல்லையை எப்போதோ கடந்துவிட்டன. மீட்டெடுத்த வடிவங்களுக்கும் புதிதாகப் பதிவு செய்த இசைக்கும் தனி உரிமை கோரப்படுவதால், அவற்றை வெளியிடும் நிறுவனத்துக்கு எழுதி இசைவு பெறுவது நல்லது. கல்வி நோக்கிலான கட்டணமில்லாத் திரையிடல் என்று தெளிவாகக் கேட்டு எழுதுவதற்கு ஒரு தபால்தலையோ ஒரு மின்னஞ்சலோதான் செலவு. சென்னையிலுள்ள மாக்ஸ் முல்லர் பவன் போன்ற பண்பாட்டு நிறுவனங்களிடமும் வழிகாட்டுதல் கேட்கலாம்.

தங்கள் நாளிதழிடம் ஒரு வேண்டுகோள். நகரில் நடக்கும் திரையிடல்களை 'இன்றைய நிகழ்ச்சிகள்' பகுதியில் வெளியிடும்போது, மௌனப்படமாக இருந்தால் படத்தின் பெயரோடு நான்கு விவரங்களையும் கேட்டு வாங்கி அச்சிட்டால் பெரும் உதவியாக இருக்கும்: எந்த ஆண்டு மீட்டெடுத்த வடிவம், எத்தனை நிமிடம் ஓடும், சாயம் உண்டா, இசை யாருடையது. உதாரணமாக ஃபிரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபொலிஸ்' 1927இல் வெளிவந்த சில மாதங்களிலேயே வெட்டிக் குறைக்கப்பட்டு, விடுபட்ட பகுதிகளில் பெரும்பாலானவை 2008இல் அர்ஜென்டினாவின் புவனஸ் அயர்ஸில் 16 மில்லிமீட்டர் பிரதியாகக் கிடைத்தன. கோட்ஃபிரீட் ஹூப்பர்ட்ஸ் எழுதிய மூல இசைக் குறிப்பின் துணையோடு அவற்றை வரிசைப்படுத்தி, 2010இல் மறுபடி வெளியிட்டார்கள். அந்த வடிவம் ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஓடும். அறிவிப்பில் 'மெட்ரோபொலிஸ், 90 நிமிடம்' என்று இருந்தால் வாசகர் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். 150 நிமிடம் என்றிருந்தால் திருமங்கலத்திலிருந்து பேருந்து ஏறி வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர்,
திருமங்கலம், மதுரை மாவட்டம்.